படிக்கப் பிடிக்கும் என்பதற்காக நூலகர் ஆகலாமா?

குன்னத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. எழுதியவருக்கு 29 வயது. அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி என்று தமிழ் வழியிலேயே படித்து பி.ஏ. வரலாறு முடித்தவர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறார். காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் வரும். இரவு எட்டரைக்குத்தான் கொண்டுவந்து இறக்கிவிடும். சம்பளம் 17,000 ரூபாய். வீட்டுக்காரர் சொந்தமாக ஆறு விசைத்தறி ஓட்டுகிறார். யூகேஜி படிக்கும் மகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார்.

இவருக்கு நூலகர் ஆக வேண்டும் என்று ஆசை. "சின்ன வயதில் எனக்குக் கிடைத்த ஒரே அமைதியான இடம் பக்கத்து ஊர்க் கிளை நூலகம்தான். அங்கேயே வேலை பார்த்தால் நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு தனியார் நிறுவனம் 45,000 ரூபாய்க்கு நூலகச் சான்றிதழ் படிப்பு நடத்துகிறதாம். முடித்தால் அரசு வேலை உறுதி என்கிறார்களாம். மாமியார் வழிச் சொந்தக்காரர் ஒருவர் அதற்கும் ஒரு படி மேலே போய், 5 லட்சம் கொடுத்தால் ஊர்ப்புற நூலகர் வேலையையே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பவுனை அடகு வைத்து முதல் தவணை கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. கோவையின் புதிய பெரிய நூலகத்தில் நூற்றுக்கணக்கில் ஆள் எடுப்பார்கள் என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தயாராகலாமா என்பது இவருடைய கேள்வி. "போனிலேயே எல்லாம் இருக்கிறபோது இனிமேல் லைப்ரரிக்கு எவன் வருவான்?" என்பது வீட்டுக்காரரின் கேள்வி.

கடைசியில் ஒரு பின்குறிப்பு. எட்டாம் வகுப்பில் எடுத்த நூலகப் புத்தகம் ஒன்று இன்னும் இவரிடமே இருக்கிறது. அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் அது வில்லங்கம் ஆகுமா?

அம்மிணி, பின்குறிப்புக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த "நாள் முழுக்கப் படிக்கலாம்" என்கிற நினைப்பைப் பேசிவிடுவோம். நீங்கள் எடுக்கப்போகும் மற்ற முடிவெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

நான் பொது நூலகத்தில் 31 வருடம் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவன். முதல் ஆறு மாதத்தில் நான் முழுதாகப் படித்து முடித்த புத்தகம் ஒன்றுகூட இல்லை. தறிச் சத்தம் ஓயாத ஒரு ஊரில், ஓட்டுக் கட்டடத்தில், நான் ஒருவன்தான் நூலகம். பூட்டைத் திறப்பது, கூட்டுவது, பேப்பரை எண்ணி வைப்பது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, கரன்ட் பில் கட்டுவது, மழை வந்தால் வடக்குச் சுவர் அலமாரியை நகர்த்துவது எல்லாம் நானே. கரையான் வந்தபோது மண்ணெண்ணெய் டப்பாவோடு அலமாரிக்கு அடியில் படுத்துக் கிடந்ததும் நானேதான். (மண்ணெண்ணெய் தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அது வேறு கதை.)

ஒரு நாளைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். கதவு திறக்கும் முன்பே நாலைந்து பெரியவர்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள். பேப்பருக்கு. ஒருவர் முதல் பக்கத்தைப் பிடித்தால் விடமாட்டார். ராசிபலன் பக்கம் யாரிடம் இருக்கிறது என்று இன்னொருவர் குரலை உயர்த்துவார். பத்து மணிக்குப் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் சோத்துப் போசியும் தண்ணீர்ப் பாட்டிலும் சொந்தப் புத்தகமுமாக வந்து நாற்காலியைப் பிடிப்பார்கள். மாலை மூடும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்பதில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். பள்ளி விட்டதும் சின்னப் பிள்ளைகள். நடுவில் ஒரு அம்மா வந்து, முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை நீட்டி "இதை நிரப்பிக் குடுங்க சாமி" என்பார். இது உங்கள் வேலை இல்லை என்று எந்த விதியும் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை.

2016-க்குப் பிறகு பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னையில் புதுவித வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கறுத்தது நினைவிருக்கும். அப்போது ஒரு விவசாயி வந்து, "ஏனுங்க, இதுக்கு ஏதாச்சும் புஸ்தகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். எங்கள் தென்னைப் புத்தகங்கள் எதிலும் அந்தப் பூச்சி இல்லை. அது நாட்டுக்குள் வந்ததே அப்போதுதான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேடி, மஞ்சள் ஒட்டும் பொறி, ஓலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, கண்டபடி மருந்து அடித்தால் அந்த ஈயை அழிக்கிற ஒட்டுண்ணிக் குளவியும் செத்துப்போகும் என்பது வரை எழுதிக் கொடுத்தேன். அவர் உறுப்பினர்கூட இல்லை. அன்று முழுக்க நான் ஒரு பக்கம் படிக்கவில்லை. என் வேலையில் மறக்காத நாள்களில் அது ஒன்று.

இந்த மாதிரி ஒரு நாள் உங்களுக்குப் பிடிக்குமா, இல்லை எரிச்சல் வருமா? படிக்க மட்டும்தான் ஆசை என்றால் இப்போதிருக்கும் வேலையிலேயே இருந்துகொண்டு உறுப்பினர் அட்டையில் மாதம் நாலு புத்தகம் எடுத்துப் படிப்பது மேல். நூலகருக்கு அந்த நேரம் கிடைக்காது. ஆட்கள் வந்து கேட்பதும், அவர்களுக்கு வேண்டியதைத் தேடித் தருவதும் பிடிக்கும் என்றால் மேலே படியுங்கள்.

ஆரம்பத்தில் பிடிக்காமல் போனாலும் பயப்பட வேண்டாம். இந்தத் துறையின் தந்தை என்று நாம் கொண்டாடும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் அடிப்படையில் கணக்கு வாத்தியார். மங்களூரிலும் நம் கோவையிலும் சென்னையிலும் பாடம் நடத்தியவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். போன சில நாட்களிலேயே தனிமை தாங்காமல், திரும்ப வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே சின்ன ஊர்களிலும் பொது நூலகம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவர் பிறகு இந்தத் துறையை விடவே இல்லை. 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அடுக்கி வைப்பதற்கு இல்லை என்று அர்த்தம்.

வேலை எங்கே இருக்கிறது

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. அந்தச் சட்டம் வந்தபோது மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். ஆக, நீங்கள் ஆசைப்படும் வேலைக்கான வித்து உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து போனதுதான். அந்த வரிப் பணத்தில் மாவட்ட நூலக ஆணைக்குழு இயங்குகிறது. அதன் கீழே மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று வரிசையாக இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலே சென்னையில் பொது நூலக இயக்ககம்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்கிற ஒன்று உண்டு. நகராட்சி, மாநகராட்சிகளில் புதிதாகத் திறந்திருக்கும் அறிவுசார் மையங்கள் உள்ளாட்சியைச் சேர்ந்தவை. ஊராட்சிகளில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகக் கட்டடங்கள் ஊராட்சியின் கையில் இருப்பவை. பெயர்ப் பலகையில் நூலகம் என்று இருந்தாலும் அங்கே வேலை பார்ப்பவர் பொது நூலகத் துறை ஊழியர் ஆகமாட்டார். சம்பளம், நிரந்தரம், ஓய்வூதியம் எல்லாம் வேறு. "நூலகத்தில் வேலை" என்று யாராவது சொன்னால், யாருடைய நூலகம் என்று முதலில் கேளுங்கள்.

துறைக்குள் நேரடியாக நுழையும் முக்கிய வாசல் டிஎன்பிஎஸ்சி. நூலகப் பாடத்தில் ஒரு தாள், பொது அறிவில் ஒரு தாள், கூடவே தமிழ் தகுதித் தாளில் குறைந்தது 40 சதவீதம். மாவட்ட நூலக அலுவலர் போன்ற மேல்பதவிகளுக்கு 2023-ல் நேர்காணலும் இருந்தது. ஆனால் வாசல் குறுகலானது. 2023-ல் வந்த அறிவிக்கையில் மாநிலம் முழுக்க மொத்தம் 35 இடங்கள். அதிலும் பெரும்பகுதி சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு. அடுத்த அறிவிக்கை எப்போது வரும் என்று அடித்துச் சொல்ல ஆள் கிடையாது. கோவை அனுப்பர்பாளையத்தில் பெரியார் பெயரிலான நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஏழு மாடிக் கட்டடம் என்பதற்காக ஏழு மாடிக்கும் ஆள் எடுப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். எந்த இடமாக இருந்தாலும் முறையான அறிவிக்கை வரும், அதில் எண்ணிக்கை இருக்கும். அது வரும்வரை வருவதெல்லாம் டீக்கடைப் பேச்சு.

வயதைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் பி.சி. பிரிவு என்று எழுதியிருப்பதால், இந்த நூலகப் பதவிகளில் உச்ச வயது வரம்பு உங்களுக்குப் பெரும் தடையாக இருக்காது. பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் தெரியாமல் வாய்ப்பைத் தொலைக்கிறார்கள். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எந்தப் படிப்பு, எந்த வழியில்

நூலகப் படிப்பில் மூன்று படி. சான்றிதழ், அப்புறம் ஒரு வருட இளநிலைப் பட்டமான பி.லிப்., அதற்கு மேல் முதுநிலைப் பட்டமான எம்.லிப். ஏற்கெனவே பட்டம் வைத்திருக்கும் நீங்கள் சான்றிதழோடு நிற்கக் காரணமே இல்லை. நேராக பி.லிப். சேருங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இரண்டிலும் தொலைநிலையில் படிக்கலாம். அந்தத் தனியார் நிறுவனம் கேட்கும் 45,000-ல் பாதிகூட ஆகாது. நேரடி வகுப்பு என்றால் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் நூலகத் துறை இருக்கிறது; ஆனால் உங்கள் வேன் நேரத்துக்கு அது ஒத்துவராது. எங்கே சேர்ந்தாலும் அந்த வருடத்துக்கு அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலை அனுமதி இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தமிழ் வழி விஷயம் இதுதான். 2010-ல் வந்த சட்டத்தை 2020-ல் திருத்தியபோது, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்கு நிர்ணயித்த கல்வித் தகுதி வரை எல்லாவற்றையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நீங்கள் பி.ஏ. வரை தமிழ் வழி. பதவிக்குத் தகுதி பி.லிப். என்றால் அந்த பி.லிப்.பும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். இக்னோவில் ஆங்கிலத்தில் முடித்தால் இத்தனை வருடம் சேர்த்து வைத்த தமிழ் வழிச் சலுகை அந்த ஒரு வருடத்தில் போய்விடும். அதனால் சேரும் முன், "பயிற்று மொழி தமிழ் என்று சான்றிதழ் தருவீர்களா?" என்று பல்கலைக்கழகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. கையோடு பள்ளித் தலைமை ஆசிரியரிடமிருந்தும் கல்லூரியிலிருந்தும் தமிழ் வழிச் சான்றுகளை இப்போதே வாங்கி வையுங்கள். அறிவிக்கை வந்த பிறகு ஓடினால், ஒரு கையெழுத்துக்கு மூன்று முறை லீவு போட வேண்டியிருக்கும். பி.லிப். சான்றிதழ் கையில் வந்ததும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

பாடத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். புத்தகங்களை வகைப்படுத்தும் பாடம்தான் எல்லோரையும் மிரட்டும். உங்களுக்கு அது கை வந்த கலை, நீங்கள் அறியவில்லை. கட்டிங் முடிந்த துணி பண்டல் பண்டலாக வரும்போது ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு இருக்கிறதல்லவா? எந்த ஆர்டர், என்ன கலர், என்ன சைஸ், எத்தனையாவது பண்டல் என்று அந்த ஒரு சீட்டைப் பார்த்தே லைனில் எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுவீர்கள். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணும் அதே வேலைதான் செய்கிறது. டியூயி முறையில் வேளாண்மைக்கு 630, துணி நெசவுக்கு 677, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. பொருள் என்ன, அதற்குள் எந்தப் பிரிவு, எந்த மொழி என்று இறங்கிக்கொண்டே போவது. ஒரு பண்டல் தொலைந்தால் கம்பெனியில் எத்தனை பேர் தேடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தப்பான அலமாரியில் போன புத்தகமும் தொலைந்த புத்தகம்தான்.

படிக்கும்போதே இரண்டு காரியம் செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் வேகமாகத் தட்டப் பழகுங்கள். கோஹா என்ற நூலக மென்பொருளைக் கணினியில் இறக்கிப் பழகிப் பாருங்கள். இலவசம்தான், பல கல்லூரி நூலகங்கள் அதில்தான் ஓடுகின்றன. டாலி கணக்கு மென்பொருளில் ஆறு வருடம் உட்கார்ந்த கைக்கு இது ஒரு வாரத்தில் பிடிபடும். ஆங்கிலம் வராது என்று நீங்கள் நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஊர் நூலகத்துக்கு வருபவர்கள் உங்களிடம் ஆங்கிலத்தில் பேசப்போவதில்லை. தலைப்பையும் பதிப்பக விவரத்தையும் தப்பில்லாமல் படித்துப் பதிகிற அளவு போதும். அது வேலையிலேயே வந்துவிடும்.

ஐந்து லட்சம் பற்றி

கொடுக்காதீர்கள். எட்டுப் பவுன் வீட்டிலேயே இருக்கட்டும்.

இதில் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதாமல் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடமும் கேட்டேன். முன்பெல்லாம் லஞ்சம் வாங்கியவர்தான் முதல் குற்றவாளி, கொடுத்தவர் பாவம் என்று ஒரு நினைப்பு இருந்தது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுப்பதே தனிக் குற்றம். ஏழு ஆண்டுகள் வரை சிறைக்கு இடமுண்டு. கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், ஏழு நாட்களுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ புகார் செய்தவருக்கு மட்டும்தான் விலக்கு. "வேலைக்காக நானாகக் கொடுத்தேன்" என்பவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. அடுத்தது, சட்டவிரோதக் காரியத்துக்காகக் கொடுத்த பணத்தைக் கோர்ட்டுக்குப் போய்த் திருப்பிக் கேட்பது மிகவும் கடினம். நீங்கள் என்ன சொல்லிக் கேட்பீர்கள்? பாண்டு எழுதித் தருகிறார், செக் தருகிறார் என்பதெல்லாம் தைரியம் தரும் காகிதங்கள்தான்.

என் வேலைக்காலத்தில் ஒரு பையன் நியமன ஆணையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். முத்திரை, கையெழுத்து எல்லாம் பார்க்க அச்சு அசல். அந்த எண்ணில் அப்படி ஒரு ஆணை பிறக்கவே இல்லை. அவனுடைய அப்பா காட்டை விற்றிருந்தார். பொய் ஆணை என்று நான் சொன்ன பிறகும், "இன்னொரு தடவை பாருங்க சார்" என்று சாயந்தரம் வரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

சிக்கல் எனக்குப் புரிகிறது. வந்தவர் மாமியார் வழிச் சொந்தம். மூஞ்சியில் அடித்த மாதிரி மறுத்தால் நாளைக்கு நோம்பிக்கு, நல்லது கெட்டதுக்கு முகம் கொடுக்க முடியாது. அவரைத் திருடன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரே வேறு ஒருவரிடம் ஏமாந்துகொண்டிருக்கலாம். "தமிழ் வழி ஒதுக்கீடு எனக்கு இருக்குதுங்க மாமா, பரீட்சை எழுதியே போயிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அத்தையிடம் பேசும் பொறுப்பை வீட்டுக்காரரிடம் விடுங்கள். மகன் சொன்னால் எடுபடும். அந்த 45,000 ரூபாய் நிறுவனத்திடம், "அரசு வேலை உறுதி" என்பதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம். எப்போது வரும் என்று தெரியாத 35 இடங்களுக்காக மாதம் 17,000-ஐக் கையை விட்டு அனுப்புவது சரியில்லை. தறி நடத்தும் வீட்டில் நூல் விலை ஏறி இறங்கும்போது அந்தச் சம்பளம்தான் அரிசிக்கு ஆகிறது என்று நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தொலைநிலையில் பி.லிப். முடிக்கும்வரை கம்பெனியிலேயே இருங்கள். வேனில் போகவரக் கிடைக்கும் நேரம் சும்மா போகிறதென்றால் பொது அறிவுத் தாளை அதில் பாதி முடித்துவிடலாம்.

பி.லிப். முடிந்ததும் அரசு வேலைக்காக மட்டும் காத்திருக்காதீர்கள். பெருந்துறை, ஈரோடு, கோவை ரோடுகளில் எத்தனை தனியார் பள்ளி, கல்லூரி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நூலக உதவியாளராக நுழையலாம். ஆனால் ஆரம்பச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும் இடங்கள் நிறைய. நூலகரைப் பிடித்து அட்மிஷன் நேரத்தில் ஊர் ஊராகப் பிள்ளை சேர்க்க அனுப்புகிற இடங்களும் உண்டு, அதையும் விசாரித்துவிட்டுச் சேருங்கள். கல்லூரியில் முழு நூலகர் ஆக வேண்டுமென்றால் எம்.லிப்.பில் 55 சதவீதமும், நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் கேட்பார்கள். அந்தப் பாதை நீளம், ஆனால் பொது நூலக வாசலைவிட அகலம். இரண்டுக்கும் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் ஒன்றுக்குப் படித்தது இன்னொன்றுக்கு வீண்போகாது.

வீட்டில் முன்கூட்டியே பேச வேண்டியவை இரண்டு. டிஎன்பிஎஸ்சி வழியாகப் போனால் சென்னையிலோ வேறு எங்கோ போட்டாலும் போக வேண்டும். குன்னத்தூர்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. அப்புறம், கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஊரே கல்யாணம், சீர், கெடாவெட்டு என்று போகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நூலகத்தில் இருப்பீர்கள். என் கொழுந்தியாள் கல்யாணத்துக்கே நான் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் கேள்வி தப்பான கேள்வி இல்லை. கதைப் புத்தகம் எடுக்க வருபவர்கள் குறைந்திருக்கிறார்கள், உண்மைதான். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவை ஆர்.எஸ்.புரம் கௌலி பிரௌன் ரோட்டில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். உட்கார இடம் கிடைக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். அங்கே இருக்கும் பிள்ளைகள் எல்லோரிடமும் போன் இருக்கிறது. இரண்டு அறை வீட்டில், டிவி சத்தத்துக்கு நடுவே, படிக்க ஒரு மேசையும் வெளிச்சமும்தான் இல்லை. போனில் எல்லாம் இருப்பதால் நூலகருக்கு இன்னொரு வேலையும் கூடியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகம் இருக்கிறது, தேசிய மின் நூலகத்தில் பாடப் பொருள் இருக்கிறது. தேடத் தெரிந்தவருக்குத்தான் அது இருக்கிறது. தெரியாதவருக்குக் காட்டிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

இனி அந்தப் பின்குறிப்பு. எட்டாம் வகுப்புப் புத்தகம் உங்கள் அரசு வேலைக்கு ஒரு வில்லங்கமும் செய்யாது. கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தாமதக் கட்டணம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க அந்த நூலகர் சிரமப்படுவார். பல வருடம் முன்பே அதைக் காணாமல் போன பட்டியலில் எழுதி முடித்திருப்பார்கள். என்னிடம் இப்படி ஒருவர் கொண்டுவந்து கொடுத்தபோது டீ வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் வரும் முன்பு போங்கள். கொடுத்துவிட்டு, வாசகர் வட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். நாலு ஞாயிறு வந்து கூடமாட ஒத்தாசை செய்கிறேன், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். தனி ஆளாக நூலகம் நடத்துகிறவர் யாரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார். மகளையும் கூட்டிப் போய் அவள் பெயரில் ஒரு அட்டை போட்டு வாருங்கள். நாலு ஞாயிறு முடிந்ததும், அங்கே வந்தவர்கள் உங்களிடம் என்னென்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பி.லிப். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.